ஒன்பது ஐம்பதுக்கு ஒரு வண்டி

அன்றைக்கு அரக்கோணம் ஸ்டேஷனில், மூன்றாவது பிளாட்பாரத்தின் மேற்குக் கோடியில், கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்துச் சிமெண்டு பெஞ்சில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரம்பூர் லாரன்ஸ், வயது எழுபத்தொன்று, ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் அடித்து ஓய்வு பெற்றவர். ஹபீபுல்லா, ஐம்பத்தெட்டு, புரசைவாக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கோதண்டம், நாற்பத்தொன்பது, கூரியர் ஆபீஸ் மேனேஜர். நான்காவது வேதாசலம், அறுபத்தேழு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஐந்தாவதாக ஒரு நாயும் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. அது ஒன்பது மணிக்கு முன்பே எழுந்து போய்விட்டதால் வேதாசலம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவர்கள் எந்த ஊருக்கும் போவதற்காக வந்தவர்கள் இல்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஏதாவது ஒரு ஜங்ஷனுக்கு வந்து, காலை எட்டேகாலிலிருந்து மாலை ஐந்து வரை, வருகிற போகிற வண்டிகளைப் பார்த்து, நேரத்தையும் எஞ்சின் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. இன்றைக்கு நூற்றுப் பத்தொன்பதாவது சனிக்கிழமை. எஞ்சினின் நெற்றியில் ஐந்து இலக்கம் எழுதியிருக்கும். முதல் இரண்டும் அது என்ன ரகம் என்பதைச் சொல்பவை. ரகத்தை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் நால்வரும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டுந்தான் எழுதுவார்கள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் மூன்று இலக்கம், அவ்வளவுதான். ஒரு எழுத்துகூட இருக்காது. இதை ஆரம்பித்து வைத்தவர் வேதாசலம். எழுத்து என்று வந்தால் அவருக்குக் கை நடுங்கும், எட்டாவதோடு நின்ற படிப்பு. எண் என்றால் அச்சடித்த மாதிரி விழும்.

எட்டு இருபத்தைந்துக்கு அவர் எழுந்தார். டீ குடிக்கலாமா என்று கோதண்டம் கேட்டதற்கு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முகம் கழுவப் பை எதற்கு என்று யாராவது கேட்பார்களோ என்று முதுகு எதிர்பார்த்தது. யாரும் கேட்கவில்லை. பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய பிளாஸ்டிக் கப் ஒன்று இருந்தது, பக்கவாட்டில் பத்துப் பத்தாகக் கோடு போட்டது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். டைம் கீப்பராக இருந்தவர், கோட்டுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ சாய்த்துப் பார்ப்பவர் இல்லை. நூற்று அறுபது. நிறம் சாதாரணம். கழுவி, உதறி, கைக்குட்டையில் சுற்றி, பையில் போட்டு, கையைக் கழுவி, மறக்காமல் முகத்தையும் கழுவினார், சொன்ன சொல் பொய்யாகக் கூடாது. வெளியே வந்து சட்டைப்பையைத் தடவியபோதுதான் தெரிந்தது, எழுத வேண்டிய தாள் வீட்டில், கடிகாரத்துக்கு அடியில், மடித்தபடி இருந்தது. மூன்று நாள் எழுத வேண்டிய தாள். நேற்றும் முந்தாநாளும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியது. இன்றைக்கு மூன்றாவது நாள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடியில், நினைவில் வைக்கிறேன் என்று சொன்ன எத்தனை பேருக்குக் கம்பெனியில் அரைநாள் சம்பளம் போயிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பேனா தானாக அடுத்த வரிக்குப் போய் நின்றது. எது எப்போது நடந்ததோ அது அந்த வரிசையில்தான் வர வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம், கையிடம் போய் நியாயம் பேச முடியாது. 8.25 என்று எழுதி, பக்கத்தில் 160 என்று எழுதினார். என்ன என்று எழுதவில்லை. என்ன என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமும் இல்லை.

அந்தத் தாளை எழுதச் சொன்ன டாக்டர் சின்ன வயசுக்காரர். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தது வேதாசலத்துக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. எத்தனை தடவை போகிறீர்கள் என்று அவர் கேட்டதும், எட்டு, சில நாள் ஒன்பது என்று இவர் சட்டென்று சொல்ல, அவர் திரும்பி, எல்லாரும் நிறையத் தடவை என்றுதான் சொல்வார்கள் என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேதாசலத்துக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகுதான் கப்பும் தாளும் வந்தன: மூன்று நாளைக்கு நேரம், அளவு, நிறம். சிவப்பாகப் போனால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கலாம், ஏதாவது வளர்ந்திருந்தால் அப்போதே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். மயக்கம் கொடுப்போம், கூட ஒருத்தர் கட்டாயம் வர வேண்டும், கையெழுத்துப் போடவும் வீட்டுக்குக் கூட்டிப் போகவும். வளர்ந்திருந்தால் என்பதை அவர் மழை வந்தால் என்பது போலச் சொன்னார். நர்ஸ் கொடுத்த படிவத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பி, உடன் வருபவர் என்ற இடத்துக்கு வந்ததும் வேதாசலத்தின் பேனா நின்றது. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, சரி, யோசிச்சு சொல்லுங்கப்பா என்று அந்தக் காலி இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டாள். பென்சில் வட்டம். அன்றிலிருந்து கண்ணை மூடினால் வருவது அதுதான். வளர்ந்திருக்குமோ என்ற பயம்கூடக் காலையில் பல் விளக்கும்போது வந்து, சாப்பிடும்போது போய்விடுகிறது, வட்டம் போவதில்லை. யாரும் இல்லாத ஒரு இடத்தைச் சுற்றி யாராவது இப்படிக் கோடு போடுவார்களா. இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் காலியாக இருந்திருக்கும்.

ஒன்பது ஐம்பதுக்கு நூற்றிருபது. நிறம் சாதாரணம். இந்த முறை யோசிக்காமல் அதே வரிசையில் எழுதினார். முதலில் ஒன்றை இங்கே எழுதிவிட்டு இரண்டாவதை வேறு இடத்தில் எழுதினால் இரண்டும் கெடும். பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்து, கூட வருவது யார் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்பார், உடம்பு எப்படி என்பாள், அதற்கென்ன என்பார். சொன்னால் டிக்கெட் போட்டு வந்துவிடுவாள், வந்து இரண்டு பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டேனே என்று இங்கே உட்கார்ந்து தவிப்பாள். மனைவி போய் ஒன்பது வருஷம். ஓசூரில் தங்கை மகன் இருக்கிறான், அவனோடு கடைசியாகப் பேசி நான்கு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. நான்கு வருஷம் கழித்து எடுத்தவுடன் மூத்திரப் பையைப் பற்றியா பேசுவது. கீழ்வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் அவர் மனைவிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். மிச்சம் இந்த மூன்று பேர். மாதம் ஒருநாள் என்று நூற்றுப் பதினெட்டு நாள் முழுசாகக் கூட இருந்தவர்கள். இவர்களில் ஒருவர் வீடும் அவருக்குத் தெரியாது. ஹபீபுல்லாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. யார் வீட்டு விஷயமும் பெஞ்சுக்கு வராது என்பது யாரும் போடாத சட்டம். ஆறு வருஷத்துக்கு முன்பு லாரன்ஸ் இரண்டு சனிக்கிழமை வராமல் இருந்து மூன்றாவதில் வந்தார். வீட்டில் ஒரு காரியம், அதனால் வர முடியவில்லை என்றார். சரி என்று மூன்று பேரும் விட்டுப்போன வண்டிகளை அவருக்குப் படித்துக் காட்டினார்கள், அவர் எழுதிக்கொண்டார். அவர் மனைவி இறந்துவிட்டார் என்பது அதற்கும் நான்கு மாதம் கழித்து, யாரோ ஒரு டிக்கெட் பரிசோதகர் துக்கம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு லாரன்ஸ் கையில் தன் டீயையும் கொடுத்ததை வேதாசலம் நினைத்துக்கொண்டார். அது மட்டும்தான் செய்தது. அது போதுமா போதாதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பதினொன்றேகாலுக்குக் கப்பை உயர்த்தியபோது டீத்தண்ணீர் மாதிரி இருந்தது, அடியில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. நூற்று நாற்பது. முதல்முறை பார்த்தபோது பீட்ரூட் என்று நினைத்தார். பிறகு சாப்பிட்டதை ஒவ்வொரு வேளையாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனார், திங்கள் ராத்திரி இட்லி, மத்தியானம் புடலங்காய்க் கூட்டு, காலை இட்லி, ஞாயிறு ராத்திரி ஒன்றுமில்லை என்று எட்டு வேளை போன பிறகும் பீட்ரூட் வரவில்லை. ஒன்பதாவது வேளைக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டார். இப்போது பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. வலி இல்லை, அதுதான் சிரமம். வலி இருந்தால் இன்னது இங்கே என்று கைவைத்துக் காட்டலாம். இது பாட்டுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் வந்து போகிறது, சிக்னலுக்கு நிற்காமல் மெயின் லைனில் ஓடிப்போகும் வண்டி போல. இந்த நேரம் பார்த்து வெளியே சுவர் அதிர்ந்தது. ஹார்ன் சத்தத்திலிருந்து அது மேற்கே போகிற வண்டி என்று தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் கையில் கப்போடு நின்றபடி அது கடக்கும்வரை பெட்டிகளைக் காதால் எண்ணினார், இருபத்துமூன்று. எஞ்சின் எண்ணைக் காதால் பார்க்க முடியாது. திரும்பி வந்ததும் கோதண்டம், வெகுநாளாக வேதாசலம் கண்ணில் படாமலேயே இருந்த ஒரு பழைய எஞ்சின் இப்போதுதான் போனது என்றும், அண்ணன் போன நேரம் பார்த்து வந்ததே, அதற்கும் அண்ணனுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் தகராறா என்றும் கேட்டார். லாரன்ஸ் கோதண்டத்தைத் திட்டினார். ஹபீபுல்லா, பரவாயில்லை, சாயங்காலம் எங்கள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார். வேதாசலம் தலையசைத்து, 11.15, 140, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். நோட்டில் முதல்முறையாக எண் அல்லாத ஒன்று ஏறியிருந்தது.

சாயங்காலம் எங்கள் நோட்டைப் பார்த்து. அந்த வார்த்தை கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே இறங்கியது. ஐந்து மணிக்கு வண்டி பார்ப்பது முடிந்ததும் நான்கு பேரும் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் பாருக்குப் போவார்கள். எந்த ஊராக இருந்தாலும் ஏதாவது ஒரு பார் உண்டு. அங்கே உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகத் தன் நோட்டை இடப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் நோட்டை இன்னொருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள், விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டு ஓரத்தில் புள்ளி வைப்பார்கள். நான்கு நோட்டும் ஒரே எண்ணில் வந்து நிற்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. ஒருமுறை காட்பாடியில் ஒரே ஒரு வண்டிக்காகக் கடைசி லோக்கலை விட்டிருக்கிறார்கள். இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தவர் வேதாசலம்தான். பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தார். பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது, போட்டவரும் அவர்தான். அந்த வரிகளை அடிக்கலாமா. அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள், அவர் நோட்டில் அடித்தலே கிடையாது. தாளில் எழுத வேண்டியதும் அந்த வரிகள்தான், இப்போது அவற்றுக்கு வேறு சாட்சி இல்லை. பெஞ்சில் இருந்து பார்த்தால் தண்டவாளங்கள் நேராகப் போய், தூரத்தில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, பிறகு யாரும் ஒன்றும் சொல்லாமலே தனித்தனியாகப் பிரிந்து போயின. இதற்குள் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. மூன்று பேரில் ஒருவரிடம், தனியாக, புதன்கிழமை காலை உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் என்று ஆரம்பித்து. கேட்டுவிட்டால் நோட்டை அவர் கையில் வருகிற மாதிரி உட்காரலாம், அவரும் அந்த வரிகளைத் தாண்டிப் படித்துவிடுவார். இரண்டு காரியமும் ஒரு வார்த்தையில் முடியும். ஒரு வார்த்தைதானே.

மத்தியானம் லாரன்சும் கோதண்டமும் பிரியாணி வாங்கப் போக, ஹபீபுல்லா மட்டும் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், கடையில் யாராவது இப்படிச் செய்தால் கோபித்துக்கொள்பவர். வேதாசலம் தொண்டையைச் செருமினார். பாய் என்று கூப்பிட்டார். ஹபீபுல்லா திரும்பியபோது கிழக்கே இருந்து ஒரு கூட்ஸ் வண்டி நுழைந்தது. இருவரும் எண்ணைப் பார்த்து எழுதினார்கள். வேதாசலத்துக்குக் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணாமல் இருக்க முடியாது. அதற்குப் பயன் ஒன்றும் இல்லை, நோட்டிலும் ஏறாது, ஆனால் எண்ண ஆரம்பித்தால் நடுவில் பேச முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று, கருப்புக் கரி ஏற்றிய திறந்த பெட்டிகள், புதன்கிழமை காலை என்று இருபதில் ஒருமுறை நாக்குவரை வந்தது, இருபத்தொன்று இருபத்திரண்டு என்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஐம்பத்தெட்டு பெட்டியும் ஒரு கார்டு வண்டியும். என்ன அண்ணே, ஏதோ கூப்பிட்டீர்களே என்றார் ஹபீபுல்லா. வேதாசலம் ஐம்பத்தெட்டு என்றார். ஹபீபுல்லா தலையாட்டி, தனக்கு ஐம்பத்தேழுதான் வந்தது, இப்போதெல்லாம் ஒன்றிரண்டு நழுவிவிடுகிறது என்று சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான் என்பது வேதாசலத்துக்கு அப்போது படவில்லை. அவர் தன் வாயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்று ஐந்துக்குத் தொண்ணூறு, பெருக்கல். 090 என்று எழுதினார். மூன்று இலக்கத்துக்குப் பழகிய கை, முன்னால் ஒரு பூஜ்யத்தை அதுவாகவே போட்டுக்கொண்டது. இரண்டு நாற்பதுக்கு நூற்றுப்பத்து. நாலு பத்துக்கு எண்பது, பெருக்கல். அப்போதும் ஒரு வண்டி அவர் இல்லாத நேரத்தில் போனது. அதன் பெட்டிகளை அவர் எண்ணவில்லை.

பார் லாட்ஜின் மாடியில் இருந்தது. நீளமான அறை, ஜன்னலில் பச்சைத் துணி, சுவரில் ஓடாத கடிகாரம். ஓடாத கடிகாரத்தைக் கண்டால் வேதாசலத்துக்கு எப்போதும் ஒரு சங்கடம் வரும், இன்றைக்கு வரவில்லை. லாரன்சுக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பது அவர் போட்டுவைத்த கணக்கு. அப்போதுதான் நோட்டு லாரன்ஸ் கைக்குப் போகும், அவருக்குக் கிட்டப்பார்வை மங்கல், இரண்டு வரிக்கு ஒன்றைத் தாண்டிவிடுவார். உட்கார்ந்தும்விட்டார். ஆனால் லாரன்ஸ் கைகழுவப் போய்த் திரும்பி வந்து, மின்விசிறிக் காற்று வேண்டும் என்று எதிர் நாற்காலியில் உட்கார, அந்த இடத்துக்குக் கோதண்டம் வந்துவிட்டார். கோதண்டத்துக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும், வாயும் சும்மா இருக்காது. சப்ளையர் வந்தார். கோதண்டத்துக்குக் கால் பாட்டில் பிராந்தி, ஹபீபுல்லாவுக்கு லெமன் சோடா, லாரன்சும் வேதாசலமும் வழக்கம்போல் ஒரு பீரைப் பாதிப் பாதியாக. பாதி பீர் முந்நூற்றிருபத்தைந்து மில்லி. குடித்ததையும் தாளில் எழுத வேண்டுமோ என்று வேதாசலத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது, அதற்குள் கோதண்டம் அவர் முழங்கைக்கு அடியிலிருந்து நோட்டை உருவிக்கொண்டார். இன்றைக்கு என்னுடையதை நானே படிக்கிறேன் என்று வேதாசலம் சொன்னார். என்றைக்கும் இல்லாத வழக்கமாக இருக்கிறதே, நீங்கள் போட்ட சட்டத்தை நீங்களே மீறலாமா என்று கோதண்டம் சிரித்துக்கொண்டே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

முதல் வரி சரியாக இருந்தது. மூன்று பேனாவும் டிக் போட்டன. எட்டு இருபத்தைந்து, நூற்று அறுபது என்று கோதண்டம் படித்தார். பேனாக்கள் நின்றன. தன்னிடம் இல்லை என்றார் ஹபீபுல்லா. லாரன்சும் விரலால் தேடிவிட்டு இல்லை என்றார். எட்டு இருபத்தைந்துக்கு எதுவும் வரவில்லையே என்று கோதண்டமும் யோசித்தார். வேதாசலம் வாயைத் திறந்தார். ஆனால் நூற்றுப் பதினெட்டு சனிக்கிழமையில் வேதாசலம் நோட்டில் ஒரு வரி தப்பாக இருந்ததே இல்லை என்பது மற்ற மூவருக்கும் தெரியும், அதனால் அவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தங்கள் தங்கள் நோட்டைப் பார்த்தார்கள். தனி எஞ்சினாக இருக்கும், கூட்ஸ் லைனில் போயிருக்கும், நாம் பேசிக்கொண்டிருந்திருப்போம் என்று கோதண்டம் சொல்ல, மூவரும் சேர்த்து எழுதிப் புள்ளி வைத்தார்கள். திறந்த வாயை வேதாசலம் மூடிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது. மூன்று பேர் மூன்று நோட்டில் அவருடைய நூற்று அறுபது மில்லியை ஏற்றிக்கொண்டுவிட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை, இன்னும் ஐந்து இருக்கின்றன, அவையும் இப்படியே போய்விட்டால் எழுந்து லோக்கல் ஏறிவிடலாம். ஒன்பது ஐம்பது, நூற்றிருபது என்றார் கோதண்டம். மறுபடி யாரிடமும் இல்லை. அப்போது லாரன்ஸ் நிமிர்ந்தார். "இரு, இரு. இத நான் பாத்தேன்," என்றார். தனி எஞ்சின்தான், சிவப்பு, வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு, இடப்பக்கம் வர்ணம் உரிந்திருந்தது, எந்தச் சிவப்பு என்று பெயின்டரான தனக்குத் தெரியும், எழுத நினைத்துக் கண்ணாடி எடுப்பதற்குள் போய்விட்டது என்று நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு எழுதினார். புள்ளி வைக்கவில்லை. தானே பார்த்த வண்டிக்குப் புள்ளி எதற்கு.

வேதாசலம் பீரைக் கையில் எடுத்து, குடிக்காமல், கீழே வைத்தார். சிரிப்பு வருமோ என்று ஒரு கணம் பயந்தார், வரவில்லை. லாரன்ஸ் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த முகத்தில் பொய் இல்லை, ஒன்பது ஐம்பதுக்கு உண்மையிலேயே ஒரு சிவப்பு எஞ்சின் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும். கோதண்டம் அடுத்ததைப் படித்தார், அதற்கடுத்ததைப் படித்தார், நடுவில் நல்ல வண்டிகள் டிக் ஆகின, பெருக்கல் குறிக்கு வந்தபோது இது என்ன அடையாளம் அண்ணே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மேலே போனார். படித்து முடித்து, வேதாசலம் விட்ட இரண்டு வண்டியையும் அவர் நோட்டில் ஏற்றியபோது அவருக்கு நாற்பத்தேழு வந்தது. கோதண்டத்துக்கு நாற்பது, பிரியாணி வாங்கப் போனபோது விட்டது ஒன்று, ஆறு, நாற்பத்தேழு. லாரன்சுக்கும் அதே கணக்கு, நாற்பத்தேழு. கணக்கு ஒத்துவிட்டது. ஹபீபுல்லா மட்டும் கூட்டாமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். லெமன் சோடாவில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆறு வண்டி. நான் அந்தப் பெஞ்ச விட்டு எழுந்திருக்கவே இல்ல. கண்ணு நல்லாத்தான் இருக்கு, போன வாரம்தான் நானே டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். கண்ணு முன்னாடியே போயிருக்கு, எனக்குப் பதியல." கோதண்டம் ஏதோ கேலி சொல்ல வந்தார். ஹபீபுல்லா கேட்கவில்லை. "எங்க வாப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. கடை சாவிய கையில வச்சிக்கிட்டே தேடுவாரு. அப்புறம் என்னையே யாருன்னாரு. நாளைக்கே போய்க் காட்டணும். பையன் கிட்டயும் சொல்லிடணும், கடைய அவன் பாத்துக்கட்டும்." பதினோரு வருஷத்தில் பையன் இருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கணக்கு ஒத்துவிட்டது, எழுந்துவிடலாம், ஏழு இருபது லோக்கல் இருக்கிறது என்று வேதாசலத்தின் ஒரு பாதி சொன்னது. அந்தப் பாதி இத்தனை நாள் அவரைக் காப்பாற்றிவந்த பாதி. இன்னொரு பாதி நாற்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனியில் ஒருநாள், வராத ஆளுக்கு வந்ததாகக் கார்டில் குத்தச் சொல்லி மேஸ்திரி ஒருவன் கெஞ்சினான், அவன் அழுத பிறகும் இவர் குத்தவில்லை. அதற்காகப் பத்து நாள் யாரும் இவரோடு சாப்பிடவில்லை. இப்போது வராத ஆறு வண்டி நாலு நோட்டில் வந்ததாக இருக்கிறது, அதில் ஒன்றை ஒருவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார், இன்னொருவர் தன் புத்தி போகிறது என்று உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதர் பெஞ்சில் சொன்ன ஐம்பத்தேழு, வாய் மட்டும் சிரித்தது, எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன. முகம் சுட்டது. காது சுட்டது. தொந்தரவு இல்லையென்றால், கொஞ்சம் தனியாக, தப்பாக நினைக்காவிட்டால் என்று காலையிலிருந்து அடுக்கிவைத்த முன்வார்த்தைகள் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "பாய், அது வண்டி இல்ல," என்றார். மூவரும் பார்த்தார்கள். "அந்த ஆறும் வண்டி இல்ல. நான் ஒண்ணுக்குப் போன நேரம். பக்கத்துல இருக்கறது அளவு. டாக்டர் எழுதச் சொன்னாரு. தாள வீட்டுல விட்டுட்டேன்."

கோதண்டம் நோட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, ஒன்பது ஐம்பது வரியைப் பார்த்து, லாரன்சைப் பார்த்து, "அப்ப அண்ணன் பாத்த அந்தச் செவப்பு எஞ்சின்..." என்று தொடங்கினார். தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. அதற்குள் ஹபீபுல்லா கேட்டுவிட்டார்: "இந்தப் பெருக்கல் எதுக்கு அண்ணே?" வேதாசலம் பீரில் அடங்கிக்கொண்டிருந்த நுரையைப் பார்த்தபடி, "அந்த மூணு தடவ சிவப்பா போச்சு," என்றார். கோதண்டத்தின் தோள் நின்றது. புதன்கிழமை ஏழேகாலுக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதையும், கூட ஒருத்தர் வர வேண்டும் என்பதையும் அவர் தொடர்ந்து சொன்னார், வண்டி நேரம் சொல்கிற மாதிரி, ஏறாமல் இறங்காமல். வரமுடியுமா என்று கேட்டாரா என்றால், கேட்கவில்லை. அதற்கு அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. ஹபீபுல்லாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்ததற்காக உடனே வெட்கப்பட்டு அதை மறைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு நோட்டு அட்டையின் உட்பக்கத்தில் எழுதினார். கோதண்டம், பாய்க்குக் கடை திறக்க வேண்டும், நான் பைக்கில் கூட்டிப் போகிறேன் என்றார். மயக்கம் தெளிந்த ஆளைப் பைக்கில் உட்கார வைப்பாயா, உனக்கு மூளை எங்கே இருக்கிறது என்று ஹபீபுல்லா சீறினார். அவர் சீறி வேதாசலம் பார்த்ததில்லை. அப்படியானால் ஆட்டோவில், இரண்டு பேருமே, என்று முடிந்தது. யார் பெயரைப் படிவத்தில் எழுதுவது என்று அவர்களுக்குள் இன்னும் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. வேதாசலம் தலையிடவில்லை. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது புதன்கிழமை விஷயம், அது அங்கேயே இருந்தது, ஒரு அடியும் நகரவில்லை. ஆனால் கை கொஞ்சம் லேசாக இருந்தது. அந்தக் கையால் நோட்டை வாங்கி, ஸ்கேலை வைத்து, ஆறு வரியின் மேலும் படிக்க முடிகிற மாதிரி மெல்லிய கோடு இழுத்தார். நாற்பத்தொன்று. ஹபீபுல்லாவும் இழுத்தார். நாற்பத்தொன்று. கோதண்டம் ஸ்கேல் இல்லாமல் இழுத்தார். நாற்பத்தொன்று. லாரன்ஸ் மட்டும் முடிக்கவில்லை. ஐந்து வரியை அடித்துவிட்டு, புள்ளி வைக்காத அந்த ஒன்பது ஐம்பது வரிமேல் பேனாவை வைத்தபடி ஜன்னல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு என்று அவர் நோட்டில் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏழு இருபது லோக்கல் வந்து, நின்று, புறப்பட்டுப் போகிற சத்தம் மாடிவரை கேட்டது. அடுத்தது எட்டு பத்துக்கு. சப்ளையர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துப் போனார். "வெளுத்த சிவப்பு," என்றார் லாரன்ஸ், யாரிடமும் இல்லாமல். பிறகு பேனா மெதுவாக இடமிருந்து வலமாகப் போனது. மீதி நாற்பத்தொன்று.